தாயும் உடன்பிறந்தாளும்: இயற்கைக்கு மனிதப் பண்பேற்றலும் சூழல்சார் மனப்பான்மையும்

ஆய்வுச்சுருக்கம்

ஆறு, மரம், நிலம், கடல் முதலியவற்றுக்கு மனிதப் பண்பை ஏற்றிக் கூறும் வழக்கு இயற்கையின்பால் அக்கறையை வளர்க்கும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. உளவியல் சோதனைகள் சிலவும் இதற்கு அரண் செய்கின்றன. எனினும் தாயென்று போற்றப்படும் ஆறுகளே கழிவுநீர் சுமப்பதும் கண்கூடு. இம்முரணை விளங்கிக்கொள்ள, மனிதப் பண்பு ஏற்றப்படுகிறதா என்னும் வினாவைவிட எந்தப் பண்பு, எந்த உறவு ஏற்றப்படுகிறது என்னும் வினாவே பயன்தரும் என்பதைத் தமிழ் இலக்கண, இலக்கியச் சான்றுகள், உளவியல் ஆய்வுகள், அண்மைக்கால நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனிதப் பண்பேற்றம், திணை வழுவமைதி, நற்றிணை, காவிரி, நொய்யல், சட்ட ஆளுமை.

முன்னுரை

மழை பெய்யாத ஆண்டில் 'மழை பொய்த்தது' என்கிறோம். பொய்த்தல் சொல் தவறுதலாகும். சொல் கொடுத்தவரே சொல் தவற முடியும். புயலும் வெள்ளமும் செய்தித்தாள்களில் 'இயற்கைச் சீற்றம்' ஆகின்றன. சீற்றம் சினத்தின் பெயர். பேசுவோர் எவரும் வானத்துக்கு வாயுண்டு என்றோ கடலுக்குச் சினமுண்டு என்றோ எண்ணிப் பேசுவதில்லை. ஆயினும் பழகிப்போன இத்தகைய சொற்கள் பொறுப்பை யார்மீது சுமத்துகின்றன என்பது எண்ணத்தக்கது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் இயற்கைச் சீற்றம் என்னும் தொடரே எங்கும் ஒலித்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையோ அதனை மனிதர் விளைவித்த பேரிடர் என்று குறித்தது; செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட முறையையும் குறைகண்டது. சீறியது இயற்கையென்றால் மதகுகளைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை.

ஆகவே இயற்கையை மனிதராக்கிப் பேசுவது எப்போதும் இயற்கைக்கு நன்மையே செய்யும் எனக் கொள்ள இயலாது. சில வேளைகளில் அது மனிதரைத் தப்பவிடுகிறது.

இலக்கணம் அறிந்த மாற்றம்

தமிழ் இலக்கணம் சொற்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுக்கும். மக்களைக் குறிப்பன உயர்திணை. ஏனைய உயிருள்ளனவும் உயிரற்றனவும் அஃறிணை. எனவே ஆற்றைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு முடிவைச் சுமந்து நிற்கிறது. 'காவிரி வந்தது' என்பதற்கும் 'காவிரி வந்தாள்' என்பதற்கும் இடையே மாறுவது ஒரு விகுதிதான். அவ்விகுதியோடு ஆறு நிற்கும் வகுப்பே மாறிவிடுகிறது. திணைப் பகுப்பு வினைமுற்றில் இவ்வாறு வெளிப்படாத மொழிகளில் இம்மாற்றத்தைத் தனிச்சொல் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கும். தமிழில் அது வாக்கியத்தின் இறுதி அசையிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

இம்மாற்றத்தை இலக்கண நூலார் கவனித்துள்ளனர். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் மயங்கி வருதல் இயல்பே என நன்னூல் அமைதி கூறுகிறது. பசு ஒன்றைத் தன் அம்மை என மகிழ்ந்துரைப்பதை உரையாசிரியர்கள் உவப்புக்குக் காட்டாக்குவர். இங்கு இரண்டு செய்திகள் உற்றுநோக்கத்தக்கன. திணை மாற்றம் பொருளின் தன்மையால் நிகழ்வதன்று, பேசுவோரின் மனநிலையால் நிகழ்வது என்பது ஒன்று. அம்மனநிலைகளுள் உவப்பு மட்டுமன்றிச் செறலும் இழிப்பும் அடங்கும் என்பது மற்றொன்று. அன்பு மிகும்போது பசு தாயாகிறது. இகழ்ச்சி மிகும்போது மனிதனும் மாடாகிறான். திணை எல்லை இருபுறமும் கடக்கக்கூடியது. கடப்பவை எல்லாம் உயர்வு நோக்கியன அல்ல.

தொல்காப்பியச் செய்யுளியலும் ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம், பொழுது, புள் முதலியன சொல்வன போலவும் கேட்பன போலவும் செய்யுளில் அமைக்கப்படும் என்கிறது. அப்பட்டியலில் அறிவும் நாணும் நெஞ்சும் இடம்பெறுகின்றன. மனிதரின் அகமும் புறத்தேயுள்ள கானலும் ஒரே வரிசையில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் தனிமையுற்றவர் பேசுதற்குத் துணை தேடும்போது அவருக்கு எவையெல்லாம் கேட்போராக வாய்க்கும் என்பதை இப்பட்டியல் நன்கு காட்டுகிறது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது, நிக்கலஸ் எப்லி, ஆடம் வேட்ஸ், ஜான் கசியோப்போ ஆகியோர் 2007இல் முன்வைத்த உளவியல் கோட்பாடு. மனிதர் அல்லாதவற்றில் மனிதரைக் காணும் போக்குக்கு அவர்கள் மூன்று காரணிகளைக் கூறினர்: மனிதரைப் பற்றிய அறிவு மனத்தில் எளிதில் முந்தி நிற்றல்; சூழ்ந்திருப்பதை விளங்கிக்கொண்டு கையாள வேண்டும் என்னும் உந்துதல்; உறவுக்கான ஏக்கம். இவற்றுள் மூன்றாவது, அகப்பாடல்களைப் பயின்றவருக்குப் புதிதன்று. தலைவனைப் பிரிந்தவள் கடலோடும் நாரையோடும் பேசுகிறாள்; அவையோடு பேசாமல் வேறு எவரோடு பேசுவாள்?

சோதனைக்கூடம் சொல்வன

மனிதப் பண்பேற்றத்தின் விளைவை அளந்தறிய முயன்ற ஆய்வுகளுள் கிம்-பாங் டாம், சௌ-லாய் லீ, மெலடி சாவ் ஆகியோர் 2013இல் வெளியிட்டது பெரிதும் எடுத்தாளப்படுவது. இயற்கையை மனிதராகக் காணும்போது அதனோடு தாம் இணைந்திருக்கிறோம் என்னும் உணர்வு மிகுகிறது. அவ்வுணர்வின் வழியாகவே பாதுகாக்கும் விருப்பமும் மிகுகிறது என்பது அதன் முடிவு. அஃதாவது, பண்பேற்றம் நேரடியாகச் செயலைத் தூண்டுவதில்லை. இடையில் உறவுணர்வு என்னும் பாலம் தேவைப்படுகிறது. அடுத்த ஆண்டு ஹீ-கியூங் ஆன், ஹே ஜூ கிம், பங்கஜ் அகர்வால் ஆகியோர் வேறொரு பாலத்தைக் கண்டனர். மின்விளக்கு போன்றவற்றுக்குக் கண்ணும் வாயும் வரைந்த விளம்பரங்கள் வேண்டுகோளுக்கு இணங்கும் மனத்தை மிகுவித்தன. இணங்காவிடில் தமக்குக் குற்றவுணர்வு உண்டாகும் என மக்கள் முன்கூட்டியே உணர்வதுதான் காரணம் என்றனர்.

இம்முடிவுகளை அளவறிந்து கொள்ள வேண்டும். சுவரொட்டியைக் கண்ட சில நிமிடங்களில் ஒருவர் தெரிவிக்கும் விருப்பம், வீட்டுக் கழிவுநீர்க் குழாயை ஆற்றிலிருந்து திருப்பும் செலவை ஏற்கும் மனமாக நீடிக்குமா என்பதை இத்தகைய சோதனைகளால் அளக்க இயலாது. எதிர்த்திசையில் செல்லும் சான்றும் உண்டு. சாரா கிம், ஆன் மெக்கில் ஆகியோர் 2011இல் சூதாட்டப் பொறி, தோல் புற்றுநோய் முதலிய தீங்குகளை மனிதராக்கிக் காட்டி ஆராய்ந்தபோது, அதிகாரம் தம்மிடம் இருப்பதாக உணர்வோர் அத்தீங்கைக் குறைவாக மதிப்பிட்டனர். அதிகாரமற்றோராக உணர்வோர் மிகுதியாக அஞ்சினர். எதிரே நிற்பது ஒரு 'ஆள்' என்றால் அவரை அடக்கிவிடலாம் என வலியவர் எண்ணுகிறார். இது ஆறுகளைப் பற்றிய ஆய்வன்று. ஆனால் ஆற்றங்கரையில் வாழ்வோருக்கும் ஆற்றை ஆள்வோருக்கும் ஒரே உருவகம் ஒரே உணர்வைத் தரும் எனக் கொள்வதற்கு இது தடையாக நிற்கிறது.

மேலும், இச்சோதனைகளில் பெரும்பாலும் உருவம் பெறுவது 'இயற்கை' என்னும் முழுமை. சங்கப் பாடல்களில் அத்தகைய முழுமைக்கு முகமில்லை. அங்கே முகம் பெறுவது குறிப்பிட்ட ஒரு புன்னை, ஒரு முல்லைக்கொடி, பெயருடைய ஓர் ஆறு. 'இயற்கை அன்னை' என்னும் இன்றைய மேடை வழக்கு, இவ்வகையில், எவருடைய ஊரையும் சேராத தாய்.

ஊடும் நிலமும் ஊடாத ஆறும்

தமிழ் மரபில் இயற்கைக்கு ஏற்றப்பட்ட உறவுகள் பல. அவற்றை ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதற்குத் திருக்குறளின் உழவு அதிகாரமும் சிலப்பதிகாரத்தின் கானல்வரியும் போதிய சான்று. உரியவன் நாள்தோறும் சென்று பாராவிடின் நிலம் மனைவியைப் போலப் பிணங்கி ஊடிவிடும் என்கிறது குறள் 1039. ஊடல் அகத்திணை மரபில் வெறும் கோபமன்று; புறக்கணிப்புக்குத் தரப்படும் மறுமொழி. ஊடும் நிலத்துக்கு மறுக்கும் உரிமை உண்டு. உழவன் அவ்வூடலைத் தீர்க்க வயலுக்குச் சென்றே ஆக வேண்டும். அடுத்த குறளில், வறுமை எனச் சோம்பியிருப்போரைக் கண்டு நிலமகள் நகைக்கிறாள். மனிதனின் குறையை நிலம் அறிகிறது.

கானல்வரியில் கோவலன் பாடும் காவிரியோ, சோழன் கங்கையையும் கன்னியையும் கூடினும் புலவாதவள். அவளது பொறையே கற்பெனப் போற்றப்படுகிறது. பாடலின் அழகில் ஐயமில்லை. எனினும் சூழல் நோக்கில், ஊடாமையையே பெருமையாகக் கொண்ட ஆற்றிடம் எதைச் செய்தாலும் எதிர்வினை வாராது என்னும் எண்ணத்துக்கு இவ்வுருவகம் இடமளிக்கிறது. தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமையாக்கும் குறள் 151ஐயும் இதனோடு சேர்த்து எண்ணலாம். வள்ளுவர் அங்கே கற்பிப்பது மனிதனுக்கான பொறையை. நிலத்தை அகழ உரிமம் வழங்கவில்லை. ஆயினும் மணல் அள்ளும் பொறிகள் இரவெல்லாம் இயங்கும் காலத்தில் அவ்வுவமை சற்றே நெருடுகிறது.

புறஞ்சேரி இறுத்த காதையின் வையை மூன்றாம் வகை. கண்ணகிக்கு நேரவிருப்பதை முன்னறிந்தவள்போல் மலராடையால் உடல் போர்த்து, கண்ணீரை மறைத்துச் செல்கிறாள் அவள். இவள் கொடுப்பவளாகவோ பொறுப்பவளாகவோ காட்டப்படவில்லை. துயரறிந்தவள், அதைக் கரையில் நிற்போர் அறியவில்லை.

உடன்பிறந்த புன்னை

நற்றிணை 172ஆம் பாடலை இங்கு விரிவாக நோக்க வேண்டும். தோழியருடன் விளையாடியபோது வெண்மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னைக்காய் முளைக்கிறது. நெய்யும் பாலும் பெய்து அதை வளர்க்கின்றனர். தாயோ, இப்புன்னை உங்களினும் சிறந்த உடன்பிறப்பு எனச் சொல்லி வைக்கிறாள். அதனால் அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாடத் தலைவியர்க்கு நாணமாக இருக்கிறது. வேறு நிழல்கள் உள்ளன என்கிறாள் தோழி.

இப்பாடல் பகற்குறி மறுத்து வரைவு கடாதற் பொருட்டு அமைந்தது. மரம் வளர்க்கச் சொல்ல எழுந்ததன்று. அதுவே அதன் சான்றுமதிப்பைக் கூட்டுகிறது. புன்னையை வெட்டாதே என்று எவரும் கூறவில்லை. மரத்தை உடன்பிறந்தாள் என ஏற்றதன் விளைவு, அதன் முன்னிலையில் நடந்துகொள்ளும் முறையில் தெரிகிறது. மரம் பார்க்கிறது, ஆகவே நாணம் தோன்றுகிறது. டாம் குழுவினர் கூறும் உறவுணர்வும் ஆன் குழுவினர் கூறும் முன்னுணரும் குற்றவுணர்வும் ஒருசேர இங்கே உள்ளன. பெயர் மட்டும் நாணம். அவ்வுறவு சொல்லால் மட்டும் உண்டானதன்று என்பதையும் விட்டுவிடலாகாது. காயை ஊன்றியதும் பால் பெய்ததும் முந்தியவை; 'உடன்பிறந்தாள்' என்ற சொல் பின்னர் வந்தது. ஒரே தாய் இருவரையும் வளர்த்தாள் என்பதால் அச்சொல் பொருந்துகிறது. சுவரொட்டியில் முகம் வரைவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

பாரியின் முல்லையும் இவ்வகையில் எண்ணத்தக்கது. முல்லைக்குத் தேர் ஈந்ததைக் கொடைமடத்துக்குச் சான்றாக்கிப் பேசுவது வழக்கம். ஆனால் புறநானூறு 200இல் கபிலர், நாத்தழும்பேறப் பாடும் இரவலரைப்போல அக்கொடி பாடவில்லை என்பதைக் குறித்தே கொடையைப் புகழ்கிறார். முல்லை மனிதனாக்கப்படவில்லை, அது பேசாக் கொடியாகவே நின்றும் கொடைக்கு உரியதாகிறது. கேட்காததற்கும் தேவை உண்டு என்னும் இந்நோக்கு, மனிதராக்கினால்தான் பரிவு பிறக்கும் என்னும் எளிய கருத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

அழுக்கும் தீட்டும்

தாய்மை ஏற்றப்பட்ட ஆற்றின் நிலையைக் காசி தெளிவாகக் காட்டுகிறது. மானிடவியலாளர் கெல்லி ஆலி அங்கு நிகழ்த்திய கள ஆய்வின் பயனாக 2002இல் வெளியிட்ட நூலில், படித்துறைப் புரோகிதரும் யாத்திரிகரும் அழுக்கையும் தீட்டையும் வேறுபடுத்துவதை விளக்கினார். கங்கையில் அழுக்கு சேரலாம். ஆனால் அவளுக்குத் தீட்டில்லை. பிள்ளைகளின் அழுக்கைத் தாய் துடைப்பதுபோல அவள் அனைத்தையும் தூய்மையாக்குவாள். மாசு குறித்த அரசின் எச்சரிக்கை, கங்கையின் தூய்மையையே மறுப்பதாகச் சிலருக்குத் தோன்றியதும் இதனால்தான். ஆகவே கங்கையை மதியாமையால் அவள் மாசுற்றாள் என்பது முழு உண்மையாகாது. மதிப்பின் வடிவமே கண்ணை மறைக்கவும் கூடும். ஆயினும் தாய்மை எப்போதும் இவ்வாறே செயற்படும் என்றும் கூறவியலாது. யமுனையைப் பற்றி டேவிட் ஹேபர்மன் 2006இல் எழுதிய நூல், நோயுற்ற தாய்க்குத் தொண்டு செய்தல் பிள்ளையின் கடன் என வாதிடும் பக்தர்களையும் காட்டுகிறது. தாய் நோயுறுவாள் என ஒப்புக்கொள்வதே இரு நிலைகளையும் பிரிக்கும் கோடு.

தமிழகத்திலும் இவ்விரு போக்குகளும் உண்டு. பாபநாசத்தில் பாவம் போக்கத் தாமிரபரணியில் குளிப்போர், உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். பாவத்தை ஏற்பவள் துணியையும் ஏற்பாள் என்னும் எண்ணம் அதில் இழையோடுகிறது. ஆடிப்பெருக்கில் காவிரியோ மசக்கை கொண்ட பெண்ணாகக் கருதப்படுகிறாள். சித்திரான்னமும் காதோலைக் கருகமணியும் மஞ்சள் கயிறும் அவளுக்குப் படைக்கப்படுகின்றன. மசக்கைக்காரி ஊட்டப்பட வேண்டியவள். அவள் களைப்புக்கும் விருப்பத்துக்கும் ஊர் செவிசாய்க்க வேண்டும். தமிழர் ஆற்றுக்கு ஏற்றிய உருவங்களுள் பேணுதலை இவ்வளவு வெளிப்படையாகக் கோருவது வேறில்லை எனலாம். ஆனால் சடங்கு இன்று படித்துறையோடு நின்றுவிடுகிறது. நீர் குன்றிய ஆண்டுகளில் பதினெட்டாம் பெருக்குக்காக மேட்டூர் அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறது. மசக்கைக்காரிக்கு ஒரு நாள் சோறிட்டு மறுநாள் மறந்துவிடுவது எந்த வீட்டிலும் வழக்கமன்று.

கோயில்காடுகளில் உறவைவிட அச்சமே காவலாக இருந்தது. அய்யனாருக்குரிய காட்டில் சுள்ளி ஒடிக்கவும் தயங்கினர். அங்கும் தெய்வத்துக்குப் பெரிய கட்டடம் எழும்போது காடு சுருங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தெய்வத்தின் உருவம் தெளிவாகத் தெளிவாக, மரங்கள் அதன் உடலாக இருந்த நிலை மாறி வெறும் சுற்றுப்புறமாகிவிடுகின்றன.

நீதிமன்றத்தில் தாய்

2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆளுமை உடையனவாக அறிவித்தது. தாயெனப் போற்றப்படும் ஆறுகள் அத்தீர்ப்பில் உரிமை வயது எய்தாதோர் நிலையில் வைக்கப்பட்டு, அரசு அலுவலர்கள் பெற்றோர் இடத்தில் நிறுத்தப்பட்டனர். வெள்ளத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்பது போன்ற கேள்விகளுடன் மாநில அரசே உச்சநீதிமன்றம் சென்றது; அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. ஆறு ஆளானால் குற்றமும் சுமக்கும் என்பதை உணர்ச்சிவழிப் பேச்சு எண்ணிப்பார்த்திருக்கவில்லை, சட்டம் எண்ணியது.

2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் கொண்ட உயிருள்ள சட்ட ஆளுமையாக அறிவித்தது. மேகமலை வனநிலத்துக்குப் பட்டா வழங்கியதற்காக வருவாய் அலுவலர் ஒருவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய வழக்கு அது. இங்கும் தீர்ப்புக்கு அடிப்படையானது, தற்காக்க இயலாதோர்க்கு அரசே பெற்றோர் என்னும் சட்டக் கோட்பாடு. அன்னை மீண்டும் குழந்தையாகிறாள். முரணாகத் தோன்றினும் இது பொருளற்றதன்று. பேணப்பட வேண்டியவள் என்னும் பண்பு தாய் உருவத்தில் குறைவாக இருப்பதால் சட்டம் அதைக் குழந்தை உருவத்திலிருந்து கடன் வாங்குகிறது. எனினும் வனநிலத்துக்குப் பட்டா வழங்கியதும் அரசு அலுவலகமே. காப்பாளர் பொறுப்பும் அரசுக்கே செல்கிறது.

நியூசிலாந்தின் வாங்கனூயி ஆற்றுக்கு 2017 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் வேறு வழி சென்றது. மலைமுதல் கடல்வரை பிரிக்கவொண்ணா முழுமையாக ஆற்றைக் கண்ட மவோரி மக்களின் நோக்கு அதில் ஏற்கப்பட்டது. ஆற்றின் சார்பில் பேச இருவர்: ஒருவர் அம்மக்களால், மற்றவர் அரசால் நியமிக்கப்படுவர். இழப்பீடாக 8 கோடி நியூசிலாந்து டாலரும், ஆற்றின் நலத்துக்கான நிதியாக 3 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. உறவு கூறப்பட்டதோடு, அவ்வுறவின் பெயரால் யார் பேசுவார், பணம் எங்கிருந்து வரும் என்பவையும் எழுதப்பட்டன.

நொய்யலுக்கு அவ்வாறு ஏதும் எழுதப்படவில்லை. பேரூரில் புனித நீராகப் போற்றப்படும் அவ்வாறு திருப்பூரைக் கடக்கையில் சாயக்கழிவு சுமந்தது. பாசனத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமாயிற்று. நீரைத் திறந்துவிடக் கேட்பதே உழவர் வழக்கம். அவ்வணையின் நீரோ கீழ்மடை நிலங்களுக்கு வேண்டாததாயிற்று. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறைக்கு மாற வேண்டும் என 2006இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அவ்வழக்கின் ஆதாரம் உப்பேறிய கிணறுகளும் விளையாமற்போன வயல்களும் ஆகும். ஆற்றை அவர்கள் வீட்டில் எவ்வுறவு சொல்லி அழைத்திருப்பினும், நீதிமன்ற ஆவணங்களில் அது அஃறிணையாகவே நின்றது.